தண்ணீர் படாத தூண்டில்

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. ஆற்றில் மீன் இருந்தது. மீனைப் பிடிக்க நீர்நாய்கள் இருந்தன. பிடித்த மீனைத் தின்ன அவற்றுக்குப் பிள்ளைகுட்டிகள் இருந்தன. இதற்கு மேல் ஒரு காட்டுக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை. அதைப் பொறுக்க முடியாமல்தான் ஒரு கொக்கு அங்கே கடை திறந்தது.

கடைக்குப் பெயர் ஒற்றைக்கால் தூண்டில் மாளிகை. முதலாளி கொக்கு அண்ணாச்சி. தண்ணீரில் ஒற்றைக்காலில் நின்று நின்று அவருக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. இனி நிற்க முடியாது, உட்கார்ந்து சாப்பிட ஒரு வழி வேண்டும் என்று யோசித்தார். யோசித்துக் கடை போட்டார். சரக்கு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் பளபளவென்று இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை.

அந்த ஆற்றங்கரையில், மருத மரத்து வேருக்கடியில் ஒரு வளையில் நம்பிராசன் என்ற நீர்நாய் குடியிருந்தான். அவன் பெண்டாட்டி பேச்சி. மூன்று குட்டிகள். கண் திறந்து சில வாரம்தான் ஆகிறது, இன்னும் நீந்தத் தெரியாது. வளைக்கு மேலே பாறை இடுக்கில் ஓர் உடும்பு இருந்தது. அதற்கு நீர்நாய்க் குட்டி என்றால் உயிர். அதனால் நீர்நாய்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டிகள் நீந்தப் பழகும்வரை தாய் வளையை விட்டு அசையக்கூடாது. தகப்பன்தான் மீன் கொண்டுவர வேண்டும்.

நம்பிராசன் கொண்டுவந்துகொண்டுதான் இருந்தான். பொய் சொல்லக்கூடாது. ஒரு முழுக்குப் போட்டால் ஒரு விரால், இரண்டு முழுக்குப் போட்டால் இரண்டு. அந்த ஆற்றில் அவனைப் போல் மீன் பிடிக்க ஆள் இல்லை.

ஒருநாள் அக்கரையில் ஒரு மனிதன் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். காலையில் உட்கார்ந்தவன் வெயில் சாயும்வரை எழுந்திருக்கவில்லை. ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவன் வீட்டில் சொல்லாமல் வந்திருந்தான் என்பது நம்பிராசனுக்குத் தெரியாது. அந்த நிம்மதி தூண்டிலில் இருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டான்.

"பேச்சி, ஒரு தூண்டில் வாங்கலாம்னு இருக்கேன்."

"எதுக்குங்க?"

"மீன் பிடிக்க."

பேச்சி அவன் காலடியில் கிடந்த விராலைப் பார்த்தாள். அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப இது என்னது?"

"இது வயித்துப்பாடு. அது பொழுதுபோக்கு. சொன்னா உனக்கு விளங்காது."

பேச்சிக்கு விளங்கவில்லைதான். மூன்று குட்டிகளும் மடியில் தொங்கிக்கொண்டிருந்ததால் விளங்கிக்கொள்ள அவளுக்கு நேரமும் இல்லை. "என்னமோ செய்யுங்க, பிள்ளைகளுக்கு மீனு மட்டும் குறையக்கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை நம்பிராசன் மூன்று விரால்களைப் பிடித்தான். வாயால்தான் பிடித்தான். அவற்றைக் கவ்விக்கொண்டு ஒற்றைக்கால் தூண்டில் மாளிகைக்குப் போனான். அங்கே ஏற்கெனவே ஒரு வரிசை நின்றது. எல்லாம் நீர்நாய்கள். எல்லார் வாயிலும் மீன். அதனால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்டுக்கொள்ள முடியவில்லை. நான் பார்த்த வரிசைகளிலேயே சண்டை இல்லாத வரிசை அதுதான்.

அண்ணாச்சி மீனை வாங்கித் தொட்டியில் போட்டுவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், வளை எண், குடும்பத்தில் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டிருந்தது. கடைசிக் கேள்வி: நீந்தத் தெரியுமா? அதற்கு இரண்டே கட்டம். ஒன்று, தெரியாது. இன்னொன்று, ஓரளவு. நம்பிராசன் கொஞ்ச நேரம் யோசித்து 'ஓரளவு' கட்டத்தில் டிக் அடித்தான்.

அண்ணாச்சி படிவத்தைப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"ஓரளவா? தம்பி, நான் சொல்லக்கூடாது. இருந்தாலும் மனசு கேக்கல. ஒரு லைஃப் ஜாக்கெட் போட்டுக்காம தண்ணி பக்கமே போயிராதீங்க."

"அது எத்தனை மீனு அண்ணாச்சி?"

"மீனு கிடக்குது தம்பி. உயிருக்கு விலை உண்டா?"

விலை இருந்தது. ஐந்து விரால். நம்பிராசன் திரும்பி ஆற்றுக்குப் போய் ஐந்து முழுக்குப் போட்டு, லைஃப் ஜாக்கெட்டை வாங்கி வந்தான். அன்றைக்கு வீட்டுக்கு இரண்டு கெண்டை வந்தது. பேச்சி அதைக் குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் நண்டைக் கடித்துக்கொண்டாள்.

தூண்டில் வந்துவிட்டதே, இனி மீன் பிடிப்பான் என்று நீங்கள் நினைப்பீர்கள். பேச்சியும் அப்படித்தான் நினைத்தாள். தூண்டில் மட்டும் இருந்தால் போதுமா? அதில் கட்டத் தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு வேண்டும். நரம்பைச் சுற்ற ரீல் வேண்டும். ரீலுக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் கையில் படாமல் இருக்கக் கையுறை வேண்டும். தண்ணீர் வெளிச்சத்தில் கண் கூசாமல் இருக்கக் கூலிங் கிளாஸ் வேண்டும். கால் நனையாமல் இருக்க இடுப்புவரை வரும் ரப்பர் பூட்ஸ் வேண்டும். பிறந்ததிலிருந்து நனைந்தே கிடக்கிற பிராணிக்குக் கால் நனைந்தால் என்ன என்று நான் கேட்பேன். அண்ணாச்சி கேட்கவில்லை. நான்கு காலுக்கும் சேர்த்து எடுத்தால் மலிவு என்று மட்டும் சொன்னார்.

ஒவ்வொன்றுக்கும் நம்பிராசன் முழுக்குப் போட்டான். அவன் அந்த மாதத்தில் பிடித்த அளவு மீனை அவன் தாத்தா ஆயுசுக்கும் பிடித்திருக்கமாட்டார். எல்லாம் வாயால் பிடித்தது. எல்லாம் கடைக்குப் போனது. மீன் பிடிக்கும் சாமான் வாங்க மீன் பிடித்துப் பிடித்து, அந்தச் சாமானைக் கொண்டு மீன் பிடிக்க அவனுக்கு நேரம் இல்லாமல் போனது.

அதோடு நண்பர்கள் வேறு சேர்ந்துகொண்டார்கள். ஆற்றங்கரையில் ஒரு தட்டைப்பாறை. தினமும் அங்கே ஏழெட்டு ஆண் நீர்நாய்கள் அவரவர் தூண்டிலோடு கூடும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் தூண்டில் சபை. சபைக்குத் தலைவன் சுடலைமுத்து. அவனிடம் மட்டும் பதினோரு தூண்டில் இருந்தது.

முதல்நாள் சபைக்குப் போன நம்பிராசன் ஆர்வக்கோளாறில் தூண்டிலைத் தண்ணீரில் வீசப் போனான். சுடலைமுத்து பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன வே செய்யுதீரு? தண்ணில போட்டா கறை விழுந்துரும் வே!"

"மீனு பிடிக்கணும்லா?"

சபை முழுவதும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தது.

"மீனை எவன் வேணாலும் பிடிக்கலாம் வே" என்றான் சுடலைமுத்து. "என் வீட்டுக்காரிகூடப் பிடிப்பா. நாம அதுக்கா வந்திருக்கோம்?"

நம்பிராசனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கு அவன் தூண்டிலைத் துணியால் துடைத்து உறைக்குள் போட்டவன்தான். அப்புறம் அதைத் தண்ணீருக்குக் காட்டவே இல்லை. உறை, அண்ணாச்சி கடையில் இரண்டு விரால்.

இங்கே வளைக்குள் நிலைமை வேறு. முதலில் மூலையில் ஒரு தூண்டில் சாய்ந்து நின்றது. பிறகு மூலையே தெரியவில்லை. குட்டிகள் படுத்திருந்த காய்ந்த புல்மேல் ரீல் பெட்டி ஏறியது. குட்டிகள் பேச்சியின் வயிற்றுமேல் ஏறின. பேச்சி பக்கவாட்டில் படுக்கப் பழகிக்கொண்டாள். மீன் வருவது குறைந்து, கெண்டை அயிரையானது, அயிரையும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றானது. கடைக்குட்டிக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பேச்சி அதை நாக்கால் நக்கும்போதெல்லாம் எலும்பு நாக்கில் தட்டியது. அவளுக்கு அழுகை வந்தது. குட்டிகள் பார்க்குமே என்று அடக்கிக்கொண்டாள்.

"ஏங்க, சின்னவனைப் பாருங்க. தோலும் எலும்புமா கிடக்கான். அவன் வயித்துக்கு ரெண்டு மீனு பிடிச்சிட்டு வாங்களேன்."

"அதுக்குத்தானே இவ்வளவு பாடு படுதேன்! எல்லா சாமானும் வந்து சேரட்டும். அப்புறம் பாரு, மீனு வைக்க இடம் இருக்காது."

"இப்பவே இல்ல" என்றாள் பேச்சி.

அப்படி இருக்கும்போது ஒருநாள் மதியம் குட்டிகள் மூன்றும் பசியில் கத்தின. முந்தின நாளும் மீன் வரவில்லை. நம்பிராசன் வளையில்தான் இருந்தான். அன்றைக்குத்தான் ரப்பர் பூட்ஸ் வந்திருந்தது. நான்கு காலிலும் மாட்டி, அதற்குமேல் லைஃப் ஜாக்கெட்டையும் கட்டி, புதுத் தொப்பியும் கூலிங் கிளாஸும் போட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சி எழுந்தாள். "ஒரே முழுக்கு. இந்தா வந்துருதேன். பிள்ளைகளைப் பாத்துக்கிடுங்க, உடும்பு மேலதான் கிடக்கு."

"நான் இருக்கேன்லா" என்றான் நம்பிராசன்.

அவள் தண்ணீரில் இறங்கிய சத்தம் கேட்டதும் உடும்பு பாறையிலிருந்து இறங்கியது. வளை வாசலில் தலையை நீட்டியது. நம்பிராசன் பாய எழுந்தான். எழ முடியவில்லை. பின்னங்கால் பூட்ஸ் தங்கூஸ் நரம்பில் சிக்கிக்கொண்டது. புரண்டான். லைஃப் ஜாக்கெட் அவனை மல்லாக்கத் தள்ளியது. கடிக்க வாயைத் திறந்தான், தொப்பியின் வார் தாடையை இறுக்கிக்கொண்டது. கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தபோது உடும்பு மட்டும் கண் கூசாமல் தெளிவாகத் தெரிந்தது. அது அவனைத் தாண்டிப் போய்க் கடைக்குட்டியின் காலைப் பிடித்தது.

அதற்குள் கரையேறிய பேச்சி வாயிலிருந்த மீனைப் போட்டுவிட்டு ஓடிவந்து உடும்பின் வாலில் விழுந்தாள். எப்படிக் கடித்தாளோ தெரியாது. உடும்பு காலை விட்டது, பாதி வாலையும் விட்டுவிட்டு ஓடியது. கடைக்குட்டி நடுங்கியபடி அம்மாவின் கழுத்துக்குள் புகுந்துகொண்டது. காலில் இரண்டு பல் பதிந்திருந்தது.

நம்பிராசன் மல்லாந்து கிடந்தபடியே ஓவென்று அழுதான். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதான். "நான் ஒரு மடையன் பேச்சி. என் புத்தி செத்துப்போச்சு. என்னால என் பிள்ளை போயிருப்பானே! எல்லாத்துக்கும் காரணம் என்னன்னு எனக்கு இப்பத்தான் புரியுது" என்றான்.

வழக்கமாக இப்படிப்பட்ட கதைகளை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். அவன் திருந்திவிட்டான், சாமான்களை ஆற்றில் போட்டுவிட்டான், எல்லோரும் நலம் என்று. எனக்கும் அப்படி முடிக்க ஆசைதான், வேலை மிச்சம். ஆனால் மறுநாள் காலை நம்பிராசன் அண்ணாச்சி கடை வரிசையில் நின்றான்.

"ஒரு பெரிய பெட்டி வேணும் அண்ணாச்சி. சாமானெல்லாம் சிதறிக் கிடந்ததுனாலதான் நேத்து காலு சிக்கிப்போச்சு. அடுக்கி வச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"நானே சொல்லணும்னு இருந்தேன் தம்பி" என்றார் அண்ணாச்சி. "பிள்ளைகுட்டி இருக்கிற வீட்டுல பெட்டி இல்லாம வச்சிருக்கிறது ஆபத்து."

பெட்டி வளைக்குள் வந்த அன்று பேச்சி வெளியே படுத்தாள். பெட்டிக்கு இடம் போதவில்லை. அவள் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வேர்மேல் குட்டிகளை அணைத்தபடி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே நீர்நாய்கள் வாயில் மீனோடு கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. போய்க்கொண்டே இருந்தன. அத்தனை மீனையும் உட்கார்ந்த இடத்தில் வாங்கிப்போட்டு அண்ணாச்சிக்குக் கழுத்தே தெரியாமல் தொப்பை விழுந்திருந்தது.

மறுநாள் நம்பிராசன் தூண்டிலைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டுச் சபைக்குக் கிளம்பியதும் அவள் வளைக்குள் போனாள். ஒவ்வொரு சாமானாக இழுத்து வெளியே போட்டாள். வேர்மேல் வரிசையாக அடுக்கினாள். மருத மரத்துப் பட்டையை உரித்து அதில் எழுதித் தொங்கவிட்டாள்.

'பேச்சி ஸ்டோர்ஸ். இங்குள்ள எந்தப் பொருளும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாதது.'

அதில் ஒரு பொய்யும் இல்லை. முதலில் வந்தது சுடலைமுத்து. பலகையைப் படித்தவன் அப்படியே நின்றுவிட்டான். "தண்ணியே படாததா? இது எங்கயும் கிடைக்காதே!" என்று ஓடிப்போய் மீனோடு வந்தான். அவனைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். மதியத்துக்குள் வேர் நெடுக வரிசை நின்றது.

சபைக்குப் போன நம்பிராசன் பாறையில் யாரும் இல்லாததைப் பார்த்துத் திரும்பினான். வழியில் ஒரு வரிசை. வரிசையைப் பார்த்தால் அவனால் சும்மா போக முடியாது. இரண்டு விரால் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றான். அவன் முறை வந்தது.

"வாங்க சார். என்ன பாக்குறீங்க?" என்றாள் பேச்சி.

நம்பிராசன் விராலைக் கீழே வைத்துவிட்டு, சாய்த்து வைத்திருந்த தூண்டிலை உற்றுப் பார்த்தான்.

"இது என்னோடது மாதிரி இருக்கே."

"உங்களோடதுதான். இப்ப கடையோடது."

"ஏட்டி, இது நல்லா இருக்கா? என் சாமானை எனக்கே..."

பின்னால் நின்ற நீர்நாய் அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தது. "அது என்ன மாடலு, அக்கா?" என்று பேச்சியைக் கேட்டது.

"பழைய மாடலு. இப்பல்லாம் வர்றதில்ல. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றாள் பேச்சி.

நம்பிராசன் தூண்டிலை இன்னொரு முறை பார்த்தான். இவ்வளவு அருமையான பொருளையா நாம் வைத்திருந்தோம்! சட்டென்று இரண்டு விராலையும் முன்னால் தள்ளித் தூண்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பேச்சி விராலை எடுத்துப் பின்னால் போட்டாள். கடைக்குட்டி ஒன்றைத் தலையோடு தின்றது. அந்த மாதத்தில் அது வயிறு நிறையத் தின்றது அன்றைக்குத்தான்.

வாங்கியதை நம்பிராசன் எங்கே கொண்டுபோய் வைப்பான்? வளைக்குள்தான் வைத்தான். மறுநாள் அவன் போனதும் பேச்சி அதை எடுத்துத் திரும்பவும் வெளியே வைத்தாள். அவன் திரும்பி வந்து திரும்பவும் வாங்கினான். ஒவ்வொரு முறையும் அவனுக்கு முதல்முறை வாங்கிய சந்தோஷம் அப்படியே இருந்தது. அது இன்றுவரை குறையவில்லை. விராலும் குறையவில்லை. மற்ற வளைகளில் இடம் கொள்ளாத சாமானும் அவள் கடைக்கே வந்ததால் சரக்கும் குறையவில்லை. மீன் தேடிப் பேச்சியும் வளையை விட்டு ஓர் அடி நகரவில்லை. வாசலில் எப்போதும் பத்துப் பேர் நிற்பதால் பாதி வால் உடும்பும் அந்தப் பக்கம் வருவதில்லை.

எல்லாரும் பேச்சி கடைக்கே போனதால் ஒற்றைக்கால் தூண்டில் மாளிகை மூடிக்கிடந்தது. கொக்கு அண்ணாச்சி பசி தாங்காமல் ஆற்றில் இறங்கிப் பார்த்தார். தொப்பையோடு ஒற்றைக்காலில் நின்றதும் சரிந்து விழுந்தார். எழுந்து, உதறி, தலையைக் குனிந்துகொண்டு பேச்சி கடைக்கு வந்தார்.

"அம்மா, புதுசா மீன் பிடிக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு எது நல்லது?"

பேச்சி ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். கடைசிக் கேள்வி: நிற்கத் தெரியுமா? அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்து 'ஓரளவு' கட்டத்தில் டிக் அடித்தார்.

குட்டிகள் கொழுத்துவிட்டன. நீந்தவும் பழகிவிட்டன. அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள், மதியம் கடையில் கூட்டம் குறையும் நேரத்தில். ஒருநாள் சாயங்காலம் நம்பிராசன் வாயில் விராலோடு வளைக்கு வந்தான். கடைக்குட்டி அவனைப் பார்த்ததும் துள்ளிக்கொண்டு ஓடி வந்தது. வாசலிலேயே நின்று, "வாங்க சார். என்ன பாக்குறீங்க?" என்றது.

பேச்சி, அது உங்க அப்பாடா என்று சொல்ல வாயெடுத்தாள். நம்பிராசனோ விராலை இறக்கி வைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக அவளைப் பார்த்தான்.

"பாத்தியா பேச்சி? இந்த வீட்டுல இப்பத்தான் எனக்குன்னு ஒரு மரியாதை வந்திருக்கு."

பேச்சி விராலை எடுத்து மூன்று பங்காகக் கடித்துப் போட்டுவிட்டு, அவனிடம் தூண்டிலைக் கொடுத்தாள்.

நீதி: தகப்பனிடம் கேட்டால் கிடைக்காத மீன், வாடிக்கையாளரிடம் கேட்காமலே கிடைக்கும். ஆகவே குடும்பம் நடத்த நினைப்பவர்கள் முதலில் வாசலில் ஒரு கடைப்பலகையை மாட்டவும்.